ஒரு பக்கம் மட்டும் புகுந்தவன்

கொஞ்சம் அழுத்தி ஓட்டுங்கணா. இந்த வளைவு தாண்டிட்டா ரோடு நேராத்தான் போவும், காலையில பாத்துகினு வந்தேன். அஞ்சு மணிக்கெல்லாம் கோயில் வாசல சாத்திடுவாங்க. சாத்திட்டா நாளைக்குத்தான் தொறப்பாங்க. நாளைக்குத் தொறந்து எனக்கு என்னணா ஆவப்போவுது? இன்னிக்கு உள்ள போனா எனக்குக் குடும்பம்னு ஒண்ணு இருக்கும். போகலன்னா இல்ல. அவ்ளோதான்.

வேணாம்க்கா, இந்த டவல் போதும். முட்டியில சிராய்ப்புதான், எலும்புல ஒண்ணும் இல்ல. சீட்டு நனையுதேன்னுதான் ஓரமா ஒண்டிகினு இருக்கேன். பாப்பா நல்லா தூங்குது. நான் மெதுவாவே பேசறேன், பயப்படாதீங்க. பேசாம வரச் சொன்னீங்கன்னா மட்டும் என்னால முடியாதுக்கா. வாயத் தொறக்கலன்னா நெஞ்சு வெடிச்சிடும் போல இருக்குது.

ஒரு மணி நேரமா அந்தக் கடை வாசல்ல நிக்கறேன். போற வர்ற காருக்கெல்லாம் கையக் காட்டறேன். ஜப்பான்காரன் ஒவ்வொருத்தனும் நிறுத்தறான், எறங்கறான், குனிஞ்சு கும்புடறான், என்னமோ சொல்றான், கடைசியில போன எடுத்து ஆம்புலன்ஸ கூப்புடப் பாக்கறான். எனக்கு ஆம்புலன்ஸ் வேணாம்டா, கோயிலுக்குப் போவணும்டான்னு எப்படிச் சொல்லுவேன்? அப்பதான் நீங்க என் ஹெல்மெட்ல அண்ணாமலையார் ஸ்டிக்கரப் பாத்துட்டு "தமிழாப்பா?"ன்னு கேட்டீங்க. சத்தியமா சொல்றேன்ணா, அந்த எடத்துலயே விழுந்து கும்புட்டிருப்பேன்.

என் பேரு ஜெயவேலு. திருவண்ணாமலை. டவுன்லயே, பெரிய தெருவுல வீடு. இங்க நகோயா பக்கத்துல ஒரு கம்பெனியில இருக்கேன். காருக்கு கியர் செய்யற எடம். லைன்ல வர்ற ஒவ்வொரு கியரையும் நான்தான் பாத்து அனுப்பணும். மயிரிழை அளவு கீறல் இருந்தாக்கூட எடுத்து ஓரமா வச்சிடுவேன். எங்க சூப்பர்வைசர் சொல்லுவாரு, ஜெயவேலு கண்ணுல இருந்து ஒரு தப்பும் தப்பாதுன்னு.

என்னக்கா? ஆமா, கல்யாணம் ஆயிடுச்சு. யமுனான்னு பேரு. ஆரணிப் பொண்ணு. அவளுக்காகத்தான் இந்த ஓட்டமெல்லாம்.

அவ இப்ப ஆரணியில அவங்க அம்மா வீட்ல இருக்கா. இன்னிக்கு அங்க பெரியவங்க கூடறாங்க. எங்க பக்கத்துல இருந்து சித்தப்பா, அவங்க பக்கத்துல ரெண்டு பேரு, அப்புறம் ஊர்ல ஒரு வாத்தியாரு. மத்தியானம் சாப்பிட்டுட்டு உக்காருவாங்க. சேந்து வாழறதா, அத்துகினு போறதான்னு இன்னிக்கே முடிவு பண்ணிடணும்னு பேச்சு. அங்க இப்ப மத்தியானந்தான்ணா. எல செத்த நேரத்துல எடுத்துடுவாங்க.

அவ என்ன வேணாம்னு சொல்லிடுவாளோன்னு எனக்கு பயமா இருக்குது. ஆம்பள இப்படிச் சொல்லக்கூடாதுதான். ஆனா பயமா இருக்குது. ரெண்டு நாளா சோறு எறங்கல.

அதுக்குத்தான் காலையில கெளம்பினேன். எங்க கம்பெனியில ஒகாவான்னு ஒரு பெரியவரு, என் பக்கத்து மிஷினு. போன வாரம் என் மூஞ்சிய பாத்துட்டு என்னடான்னு கேட்டாரு. எனக்கு பாஷை அரைகொறை. பொண்டாட்டி, ஊரு, வரமாட்டேங்கறா, இப்படிக் கையும் காலுமா சொன்னேன். அவரு சொன்னாரு, மலை மேல ஒரு பழைய கோயிலு இருக்குது, ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆவுதாம், அங்க ஒரு பெரிய கல்லு, நடுவுல ஓட்டை. ஒரு வெள்ளத் தாளுல எழுதி கையில வச்சுகினு ஓட்டைக்குள்ள பூந்து வந்தா உறவு சமாச்சாரம் எதுவா இருந்தாலும் ஒரு வழிக்கு வந்துடும்னாரு. எனக்கு புல்லரிச்சிடுச்சுணா. நம்ம இடுக்குப் பிள்ளையாரு! கிரிவலப் பாதையில, தெரியுந்தானே? சின்னக் கோயிலு, இடுக்குல ஒருக்களிச்சுப் படுத்து ஊர்ந்து பூந்து வரணும். சின்ன வயசுலேர்ந்து எத்தன பௌர்ணமிக்கு பூந்திருப்பேன். கடல் தாண்டி வந்து நம்ம பிள்ளையாரே கூப்புடறாருன்னு நெனச்சேன்.

ஒகாவா அதுக்கப்புறமும் என்னமோ சொல்லிகினே இருந்தாரு. கைய இப்படி ஒருவாட்டி, அப்படி ஒருவாட்டி ஆட்டினாரு. ஷிப்ட் முடிஞ்சு மணி அடிச்சிடுச்சு. சரி சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். கோயில் எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதாதா? மீதிய நாம பாத்துக்க மாட்டோமா?

இதோ அடிக்குது பாருங்க. யமுனாதான். இல்லக்கா, எடுக்கல. அப்புறமா எடுக்கறேன். இப்ப எடுத்தா தப்பாயிடும். ஏன்னு சொல்றேன், கேளுங்க.

காலையில விடிஞ்சும் விடியாம எழுந்து தலைக்கு ஊத்தி, விபூதி வச்சுகினு வண்டிய எடுத்தேன். டயருக்கடியில எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கினேன். எதுத்த வீட்டு அம்மா உடனே ஒரு தொடப்பத்தையும் வாளித் தண்ணியையும் எடுத்துகினு வந்து, என்னப் பாத்து சிரிச்சுகினே அத கழுவி விட்டுட்டாங்க. அதுவே சகுனம் சரியில்ல, பாத்துக்கங்க. இந்த ஊர்ல எதுதான் சரியில்ல? எங்க பிளாட் நம்பரு நாலு. இவங்களுக்கே நாலுன்னா சாவு மாதிரி ஆவாத நம்பராம். அதனாலதான் வாடகை கம்மி. குடி போனப்பவே யாராச்சும் சொல்லித் தொலைச்சிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது.

வண்டி என்னோடது பழைய நானூறு சிசி. வாரம் பூரா மிஷினு சத்தத்துல நிக்கறேன் இல்லியா, ஞாயித்துக்கெழம ஒரு நாளு தனியா எங்கயாச்சும் ஓட்டிகினு போவேன். கடலோ மலையோ. அது எனக்குத் தியானம் மாதிரி. பின்சீட்டக் கூட கழட்டிட்டு ஒத்தை சீட்டா மாத்திட்டேன், பாக்கவே அம்சமா இருக்கும். யமுனா மொதல்ல கேட்டா, நானும் வரட்டுமான்னு. குளுருடி, உனக்கு ஒத்துக்காது, நீ வீட்ல நிம்மதியா இருன்னேன். அவ நல்லதுக்குத்தானே சொன்னேன்? அப்புறம் அவ கேக்கல.

இடது பக்கம் திரும்புங்கணா, ஆமா, அந்த ஆத்தோரம். அப்படியே மேல ஏறணும்.

கோயிலுக்குப் பத்து மணிக்கு முன்னாடியே போயிட்டேன். தூறல். பெரிய பெரிய மரம், வானமே தெரியல. ரெண்டு கம்பம் நட்டு மேல குறுக்குக் கட்டை போட்ட செவப்பு வாசலு, அத ஒட்டி உள்ளாற ஒரு மரக் கேட்டு. தண்ணித் தொட்டியில கை கழுவினேன். உள்ள போனா அந்தக் கல்லு. ஆள் உசரம். கல்லு மேல பூரா வெள்ளத் தாளு ஒட்டி ஒட்டி, சடை விழுந்த சாமியார் கணக்கா இருந்துச்சு. எவ்ளோ பேரு கொற இருக்குது பாருங்க இந்த ஊர்லயும். வெளியில பாத்தா ஒருத்தன் மூஞ்சியிலயும் தெரியாது.

பக்கத்துல தாளும் பேனாவும் வச்சிருந்தாங்க. எழுதினேன். எங்க ரெண்டு பேரு பேரும் நட்சத்திரமும். ஜெயவேலு, சதயம். யமுனா, உத்திரட்டாதி. தமிழ்லதான். அர்ச்சனைக்கு அதானே சொல்லுவோம்? என்னா வேணும்னு சாமிகிட்ட விலாவாரியா எழுதுவோமா? அவருக்குத் தெரியாதா?

எனக்கு முன்னாடி ஒரு சின்னப் பொண்ணு, காலேஜ் படிக்கிற வயசு. கண்ணு செவந்து இருந்துச்சு. இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் போனா. போனவ நின்னு மூச்சு விட்டுட்டு, மறுபடியும் அந்தப் பக்கத்துல இருந்து இந்தப் பக்கம் பூந்து வந்தா. எதையோ விட்டுட்டுப் போயிட்டா போலன்னு நெனச்சேன். எடுக்க வந்திருக்கான்னு நெனச்சேன் அக்கா. சிரிப்பு கூட வந்துச்சு.

நான் பூந்தேன். இடுக்குப் பிள்ளையாருக்குப் பூர்ற மாதிரியே, கைய முன்னால நீட்டி, ஒருக்களிச்சு, அண்ணாமலைக்கு அரோகரான்னு சொல்லிகினே. தோள்ல மாட்டுச்சு. சட்டை கிழிஞ்சுது. அந்தப் பக்கம் வந்து விழுந்தேன், எழுந்தேன், தாள கல்லு மேல ஒட்டினேன், கையெடுத்துக் கும்புட்டேன். கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. திரும்பிப் பாக்காம நடந்து வந்துட்டேன். நம்ம ஊர்ல பூந்து வந்தவன் எவனாச்சும் திரும்பப் பூருவானா? பின்னால நிக்கறவன் ஒதைப்பான்.

அங்க வெள்ளச் சட்டையும் செவப்புப் பாவாடையும் கட்டினு கோயில் வேலை செய்யற பொண்ணு ஒண்ணு இருந்துச்சு. அது என் பின்னாலயே ஓடி வந்து கைய ஆட்டி ஆட்டி கல்லக் காட்டிச்சு. சட்டை கிழிஞ்சத சொல்லுதுன்னு நெனச்சேன். பரவால்லம்மான்னு தமிழ்லயே சொல்லி, குனிஞ்சு கும்புட்டு, வண்டிய எடுத்துட்டேன்.

மனசு எவ்ளோ லேசா இருந்துச்சு தெரியுமாணா. பாட்டு பாடிகினே மூணு மணி வரைக்கும் மலை ரோட்டுலயே சுத்திகினு வந்தேன். அந்தக் கடையில நிறுத்தி, காபி வாங்கி, சித்தப்பாவுக்குப் போட்டோ அனுப்பலாம்னு எடுத்தேன். கல்லுக்குப் பக்கத்துல ஒரு பலகை, அதுல எழுத்து. சும்மா இருக்காம, என்னதான் எழுதியிருக்குன்னு போன்ல காட்டி தமிழ்ல மாத்திப் பாத்தேன்.

முன்பக்கத்துல இருந்து பின்பக்கம் போனா உறவ அறுக்குமாம். பின்பக்கத்துல இருந்து முன்பக்கம் வந்தா உறவக் கட்டுமாம். மொதல்ல கெட்டத அறுத்துட்டு, அப்புறம் திரும்பி வந்து நல்லத முடிஞ்சுக்கணும். ரெண்டும் செய்யணும்.

நான் அறுத்துட்டு மட்டும் வந்துட்டேன்ணா. ரெண்டு பேரு பேரையும் எழுதி, நட்சத்திரத்தோட எழுதி, எந்த யமுனாவுன்னு சாமிக்கு சந்தேகமே வராத மாதிரி எழுதி, என் கையாலயே அறுத்துட்டு வந்துட்டேன். இன்னிக்குப் பாத்து! பெரியவங்க உக்கார்ற நாளாப் பாத்து!

காபிய அங்கயே போட்டுட்டு ஓடிப் போயி வண்டிய திருப்பினேன். கடை வாசல்ல மழைத்தண்ணி போறதுக்கு இரும்புக் கம்பியில மூடி போட்டிருப்பான் இல்ல, அது மேல டயரு வழுக்கி, அப்படியே சாஞ்சுட்டேன். கிளட்ச் லீவரு முறிஞ்சு போச்சு. அவ்ளோதான், வண்டி அங்கயே படுத்துடுச்சு. அதுக்கப்புறம்தான் நீங்க வந்தீங்க.

சிரிக்காதீங்கணா. இல்ல, நீங்க சிரிக்கல. சிரிச்சாலும் தப்பில்ல. கல்லு என்னாடா பண்ணும்னு நெனப்பீங்க. நானும் படிச்சவன்தான், டிப்ளமா மெக்கானிக்கல். ஆனா மனசு ஒடிஞ்சு போனவனுக்கு கல்லும் ஒண்ணுதான் சாமியும் ஒண்ணுதான். எது பிடி கெடைச்சாலும் பிடிச்சுக்குவான்.

எதுக்கு அவ போனான்னு கேக்கறீங்களாக்கா?

அது சொல்ற அளவுக்குப் பெரிய சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. நான் குடிக்க மாட்டேன். கை நீட்டினதில்ல. சம்பளம் வந்தா அவ கையிலதான். மழைக்காலத்துல ஒண்ணு ஆயிப்போச்சு. அவளுக்கு நாலு மாசம் அப்போ. அது நிக்கல.

ஒரு ஞாயித்துக்கெழம. நான் வழக்கம் போல வண்டியில கடல் பக்கம் போயிருந்தேன். ஓட்டும்போது போன சைலண்டுல போட்டு பைக்குள்ள வச்சிடுவேன், பாதுகாப்புக்குத்தான். அவ கூப்பிட்டிருக்கா. நெறைய தடவ கூப்பிட்டிருக்கா. நான் பொழுது சாயற நேரத்துக்கு வந்தேன். கதவத் தொறந்தா, செருப்பு விடற எடத்துல, வாசப்படியிலயே உக்காந்துகினு இருக்கா. கால மடிச்சு, போன மடியில வச்சுகினு. காலையில இருந்து அங்கயே உக்காந்திருக்கா. ஆம்புலன்ஸ் நம்பர பிரிட்ஜு மேல கொட்டை எழுத்துல எழுதி ஒட்டி வச்சிருக்கேன். பாஷை தெரியலியே, என்னா சொல்லுவேன்னு கூப்புடல. நீங்க வந்துடுவீங்கன்னு இருந்தேன்னா. அவ கொணம் அது. காத்துகினே இருப்பா. மார்க்கெட்ல ஒரு தூண காட்டி இங்கயே நில்லுன்னு சொல்லிட்டுப் போனா, நான் வர்ற வரைக்கும் அந்தத் தூண விட்டு நகர மாட்டா.

நான் வந்தவொடனே ஒரு நிமிஷம் தாமசிக்கல அக்கா. ஹெல்மெட்டக் கூட கழட்டல. டாக்சி வச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டரு சொன்னாரு, காலையிலயே வந்திருந்தாலும் கொழந்தைய ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு. அத அப்படியே அவகிட்ட சொன்னேன். தெளிவா சொன்னேன். அதுக்கு மேல பேச என்னா இருக்குது சொல்லுங்க? அந்தப் பேச்ச எடுத்தா அவ அழுவா. அதனால நான் எடுக்கறதே இல்ல. அவளா எடுத்தாலும், விடு, அடுத்தது நல்லபடியா வரும்னு பேச்ச மாத்திடுவேன். புதுசா மிக்சி வாங்கிக் குடுத்தேன். ஆன்லைன்ல தங்கத்தோடு வாங்கினேன். அவ மனசு மாறணுமேன்னு எவ்ளோ செஞ்சேன் தெரியுமா? அடுத்த ஞாயித்துக்கெழம வண்டியக் கூட எடுக்கல. அதுக்கடுத்த வாரந்தான் எடுத்தேன்.

நான் அழலியான்னா? நான் அழுதா அவ என்னா ஆவறது? ஹெல்மெட்டுக்குள்ள அழுதுக்குவேன்க்கா. உள்ள கண்ணாடி பூத்துடும். ஓரமா நிறுத்தி தொடச்சுகினு மறுபடியும் ஓட்டுவேன். அத யாருகிட்டயும் சொன்னதில்ல. அவகிட்டயா? அவகிட்ட எதுக்குச் சொல்லணும்? பாவம், அவளுக்கே எவ்ளோ இருக்குது.

அவ ஒரு மாதிரி ஆயிட்டா. பேச்சு கொறஞ்சு போச்சு. ஊருக்குப் போயிட்டு வர்றேன்னா. போயிட்டு வா, ஓய்வா இருக்கும்னு டிக்கெட் போட்டு அனுப்பினேன். வர்றேன்னவ வரல. மச்சான் போன் பண்ணான், "மாமா, அக்கா சரியில்ல, நீங்க ஒருவாட்டி மனசு விட்டுப் பேசுங்க மாமா"ன்னான். தெனமும் பேசிகினுதான்டா இருக்கேன்னேன். சாப்பிட்டியா, மழையா, அத்தைக்கு சுகர் எப்படி இருக்குது, எல்லாம்தான் கேக்கறேன்.

இதோ இதோ, இந்த மேட்டுல பாருங்கக்கா, வலது பக்கம். வரிசையா சின்னச் சின்னக் கல்லு பொம்மைங்க, கழுத்துல செவப்புத் துணி கட்டி வச்சிருக்காங்களே. இத பாக்கணும்னு யமுனா உயிர விட்டா. பொறக்காமப் போன கொழந்தைங்களுக்கு இந்த ஊர்க்காரங்க வக்கிறதாம். எதுத்த வீட்டு அம்மாதான் போன்ல படம் காட்டி அவளுக்குப் புரிய வச்சிருக்காங்க. நம்மளும் போயி ஒண்ணு கட்டிட்டு வரலாங்கன்னு கேட்டா. கையாலயே ஒரு செவப்புத் துணி தச்சும் வச்சிருந்தா, ஓரம் மடிச்சு, பொடிப்பொடித் தையலு. இன்னும் அடுப்பங்கரை டிராயர்லதான் கெடக்குது. எதுக்கு அதெல்லாம், பாத்தா இன்னும் அழுவன்னு நான்தான் தட்டிக் கழிச்சேன். வண்டியிலயும் பின்சீட்டு இல்லியே.

ஏண்ணா ஸ்லோ பண்றீங்க? வேணாம்ணா, நிறுத்தாதீங்க. நேரம் ஆவுது. அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க. திரும்பி வரும்போது பாத்துக்கலாம். நான் பாக்கல. எனக்குப் பாக்க வேணாம். போங்கணா.

மறுபடியும் அடிக்குது. யமுனாதான்.

இல்லக்கா, கேளுங்க, எடுக்கக்கூடாதுன்னு எனக்கென்ன ஆசையா? எங்களுக்குள்ள இருந்தத நான் அறுத்துப் போட்டுட்டு வந்திருக்கேன். அந்த நேரத்துல பேசினா நல்ல வார்த்த எப்படி வரும்? ஏடாகூடமா ஏதாச்சும் வந்து விழும், முடிஞ்சு போயிடும். மொதல்ல பின்னால இருந்து முன்னால பூந்து வந்துடணும். முடிச்சு விழுந்துடணும். அப்புறம் எவ்ளோ வேணும்னாலும் பேசறேன்.

வெள்ளிக்கெழம அவ கூப்பிட்டப்ப எடுத்தேன்க்கா. எடுக்காம இல்ல. அன்னிக்கு அவ அழல. நல்லா நிதானமாத்தான் பேசினா. "ஞாயித்துக்கெழம பெரியவங்க வர்றாங்க. அதுக்கு முன்னாடி என்கிட்ட அந்த நாளப் பத்தி ஒரே ஒரு வார்த்த பேசுங்க. கொழந்தையப் பத்திப் பேசுங்க. திட்டுங்க, அழுங்க, என்னமோ பண்ணுங்க. என் கூட சேந்து பண்ணுங்க. அது போதும், நான் வந்துடறேன். இல்லன்னா இந்த வீட்ல நாலு பேரு முன்னாடி, அத்து விட்டுடுங்கன்னு நானே சொல்லிடுவேன்"னா.

நான் என்னா சொன்னேன் தெரியுமா? நீ ஒண்ணும் கவலப்படாத, நான் எல்லாத்தையும் சரி பண்றேன், ஒரு கோயிலு இருக்குதாம், ஞாயித்துக்கெழம மொத வேலையா அங்கதான்னேன். "வண்டியிலயா போறீங்க?"ன்னு கேட்டா. ஆமான்னேன். "பாத்துப் போங்க"ன்னு வச்சிட்டா. அவ்ளோ பாசம் என் மேல. பாத்துப் போன்னு இன்னும் சொல்றா பாருங்க. அப்படிப்பட்டவள எப்படி விடுவேன்?

நான் என்னா தப்புக்கா பண்ணேன்? மனசத் தொட்டு சொல்லுங்க. எவனாச்சும் பொண்டாட்டிக்காக இந்த மழையில, தனியா, இவ்ளோ தூரம் வண்டி ஓட்டிகினு போயி கல்லுக்குள்ள பூருவானா? அந்தப் பலகைய நம்ம பாஷையில வேணாம், ஒரு அம்புக்குறி போட்டு வச்சிருந்தாக்கூட இது நடந்திருக்குமா? எல்லாம் அந்தக் கல்லால வந்த வெனை.

என்னக்கா? பாப்பாவையே திரும்பித் திரும்பிப் பாக்கறீங்க. ஈரம் அது மேல படலக்கா, நான் கையக் கூட அந்தப் பக்கம் வக்கல. பாப்பா பக்கம் நான் பாக்கவே இல்ல. பாக்க முடியல.

வந்துடுச்சு! அதோ செவப்பு வாசல். லைட்டு எரியுது பாருங்க. தொறந்துதான் இருக்குது. அண்ணாமலையாரே, காப்பாத்திட்டப்பா. இங்கயே ஓரமா நிறுத்துங்கணா. படிதான், ஓடிடுவேன். முட்டி என்னா முட்டி, ஓடிடுவேன்.

ஐயோ, திரும்பவும் அடிக்குதே. அக்கா, இத கொஞ்சம் வச்சுக்கங்க, மழையில நனைஞ்சா கெட்டுப் போயிடும். எடுக்க வேணாம், சும்மா கையில வச்சுக்கங்க. ரெண்டே நிமிஷம், பூந்து வந்துடறேன்.

அக்கா! எடுத்துட்டீங்களா? எதுக்கு எடுத்தீங்க?

சரி, எடுத்தாச்சு இல்ல, சொல்லுங்க. உன் புருஷன் உனக்காகத்தான் கோயில் வாசல்ல நிக்கறாருன்னு சொல்லுங்க. என்னா சொல்றா? எல்லாரும் வந்துட்டாங்களா? உள்ள உக்காந்துட்டாங்களா? அவள உள்ள கூப்புடறாங்களா? அவ எங்க இருக்கா இப்போ?

வாசப்படியிலயா?

ஏன்கா அழுவுறீங்க? அண்ணா, அக்கா அழுவுறாங்க பாருங்க. என்னா சொன்னா அவ? என்கிட்ட நீட்டாதீங்கக்கா. வேணாம், இப்ப வேணாம். ஒரு வார்த்ததானேன்னு சொல்றீங்க, ஒரு வார்த்ததானே, அத வந்து சொல்லிக்க மாட்டேனா? அந்தக் கோயில் பொண்ணு சாவிய எடுத்துகினு எறங்கி வருது பாருங்க, வாசல சாத்தப் போவுது. சாத்திட்டா எல்லாம் போச்சுக்கா.

நான் ஓடறேன். போன வச்சிட வேணாம்னு சொல்லுங்க. அப்படியே அங்கயே உக்காந்திருக்கச் சொல்லுங்க. இருப்பா, எனக்குத் தெரியும். நான் வர்ற வரைக்கும் அவ காத்துகினு இருப்பாக்கா. எப்பவும் அப்படித்தான்.